சந்தனம் வைத்த துளையும் நாற்பத்தைந்தாம் எண்ணும்

கம்பியில் வருவதை மட்டுமே நம்பிய என் மச்சான் பெருமாளுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ போன இடத்தில் ஏதாவது குறை இருந்தால், இந்நேரம் அங்குள்ள சுவிட்சுப் பலகையை எல்லாம் கழற்றிப் பரப்பியிருப்பாய். இங்கே நான் சுகம். வெறும் சுகமில்லை, வெற்றி வீரன். புந்தோங் வீதிகளில் யானைமேல் ஊர்வலம் போயிருக்க வேண்டியவன். யானை கிடைக்காததால் மோட்டார் சைக்கிளில் போய் ரொட்டி சானாய் வாங்கி வந்தேன்.

முதலில் நல்ல செய்தி. நீ தாத்தா ஆகிவிட்டாய். ஆக்லாந்தில் உன் மகள் தேவிக்குப் பெண் குழந்தை. முகம் அப்படியே உன்னுடையது. மீசை ஒன்றுதான் பாக்கி. பாவம், போகப் போக மாறிவிடும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கும் நாள். குழந்தையின் காதில் பாட்டி மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். உன் மனைவியும் என் தங்கையுமான சரோஜாவுக்குக் கண்ணில் அறுவை நடந்திருக்கிறது. இப்போதைக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைத்தொலைபேசியில் பார்க்கலாமே என்றால், "அதுல புள்ள நெத்திலிக் கருவாடு மாதிரி தெரியுதுண்ணே" என்கிறாள். ஆகவே உன் பெரிய திரைதான் கதி. காம்பார் பக்கம் ஏலத்தில் எடுத்து, லினக்ஸ் போட்டு, பெற்ற பிள்ளைபோல் நீ வளர்த்த அதே கம்ப்யூட்டர்.

அதில்தான் இணையம் வரவில்லை.

ஆயுத பூசையன்று மாலை இடித்ததே ஓர் இடி! ஈப்போவில் இடி புதிதா என்பாய். இது வேறு ரகம். எங்கோ தொலைவில் தஞ்சோங் மாலிமில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றதாம். உன் பழைய ரவுட்டர் புகைந்து உயிரை விட்டது. கம்பெனி ஆள் வந்து புதுப்பெட்டி மாட்டினான். கைத்தொலைபேசிக்கு இணையம் வந்துவிட்டது. உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை. காற்றில் வரும் வைஃபையை வாங்கும் கருவியைத்தான் நீ அதில் வைக்கவிடவில்லையே. "காத்துல வர்றது காத்தோட போயிடும் மச்சான், கம்பில வர்றதுதான் நிக்கும்" என்பாயே, அந்தத் தத்துவத்தின் விளைவு.

கம்ப்யூட்டர் கடைப் பையன் வந்து எட்ட நின்று பார்த்தான். "அங்கிள், இடியில ரோசாக் ஆயிடுச்சி, சுத்தமா கெட்டுப்போச்சி. அதுவும் லினக்ஸ் லா, நாங்க தொடமாட்டோம். தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க."

சரோஜா அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மாமேதை எழுந்துவிட்டான். "தூக்கிப் போடுறதா? நான் உயிரோட இருக்கும்போதா?" என்று கேட்டேன். ஆக்லாந்திலிருந்து தேவி போனில் கத்தினாள். "மாமா, நீங்க தொட்டா நல்லா இருக்கிறதும் போயிடும், ப்ளீஸ்!" மேதைகளை அவர்கள் காலத்தில் யார் மதித்தார்கள், சொல்?

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். நீ செய்வதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உன் முறுக்கைத் தின்றபடி இத்தனை காலம் பார்த்தவன் நான். வீணாகுமா? கறுப்புத் திரையைத் திறந்து ip link என்று தட்டினேன். NO-CARRIER என்றது. டிபன் கேரியரைக் கேட்கவில்லை. வயரின் மறுமுனையில் யாருடைய மூச்சும் கேட்கவில்லை என்று சொல்கிறது.

வயரைக் கழற்றி மாட்டினேன். அடுத்த வீட்டிலிருந்து வேறு வயர் இரவல் வாங்கி மாட்டினேன். ரவுட்டரில் இருந்த மற்ற துளைகளிலும் செருகிப் பார்த்தேன். எங்கும் பச்சை விளக்கு எரியவில்லை. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். இடிதான் தின்றுவிட்டதோ என்று, உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

மெயினை அணைத்து, பெட்டியைத் திருப்பி, டார்ச் அடித்தேன். வயர் செருகும் துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். கோயில் வாசம்.

"சரோஜா! இதுக்குள்ள என்ன வச்ச?"

"சந்தனம்தான்ணே. ஆயுத பூசைக்கு வயரைக் கழட்டித் தொடச்சிட்டு வச்சேன்."

"பொட்டை முன்னால வைக்கிறதுதானே?"

"முன்னாலயும்தான் வச்சேன். ஆனா அவரு எந்நேரமும் பின்னாலதானே நோண்டிக்கிட்டு இருப்பாரு. அவருக்குப் புடிச்ச எடமாச்சேன்னு ஒவ்வொரு ஓட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சம்..." பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "நான்தான் கெடுத்துட்டேனாண்ணே?"

உலகத்தில் எந்த நாட்டில், எந்த இனத்தில், இணையத் துளைக்குச் சந்தனம் வைப்பார்கள் மச்சான்? எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

"கெடுத்தியா? காப்பாத்துனடி! அந்த இடி ரவுட்டரைத் தின்னுட்டு வயர் வழியா இங்க வந்திருக்கு. வாசல்ல சந்தனத்தைப் பாத்ததும் கும்பிட்டுட்டுத் திரும்பிப் போயிருச்சி." எந்த விஞ்ஞானியும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். விஞ்ஞானி என் தங்கையைப் பார்த்ததில்லை.

பழைய பல்துலக்கும் பிரஷ், காது குடையும் பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட். தங்கக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் செய்பவன்போல ஒவ்வொரு பித்தளைப் பல்லையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வயரைச் செருகி, மெயினைப் போட்டேன். பச்சை விளக்கு கண்சிமிட்டியது. சரோஜா கைதட்டினாள். நான் நெஞ்சை நிமிர்த்தியதில் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து கடற்கரை லூமுட்டில் போய் விழுந்தது.

ஆனால் பக்கம் எதுவும் திறக்கவில்லை.

பிங் விட்டுப் பார்த்தேன். மலையடிவாரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதிரொலிக்குக் காது கொடுப்பதுபோல. பதிலே இல்லை. அமைப்புகளைத் திறந்ததும் புரிந்தது. நீ எதையும் தானாக நடக்க விட்டதில்லையே. முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறாய்: 192.168.1.45. கடைசி எண் வீடு, அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் செத்துப்போன ரவுட்டரின் தெரு. புதுப்பெட்டியின் தெரு 192.168.100. உன் கம்ப்யூட்டர் இத்தனை நாளாகப் பழைய தெருவில் நின்று, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேனா என்று கேட்காதே.

'தானியங்கி' என்று மாற்றினால் ஒரே சொடுக்கில் முடியும். விரலைக் கொண்டுபோனேன். சரோஜா என் தோளைப் பிடித்தாள்.

"அந்த நாப்பத்தஞ்ச மாத்திறாதீங்கண்ணே. அது நாங்க கல்யாணம் முடிச்சிக் குடிபோன தோட்டத்து லயத்து வீட்டு நம்பரு."

எனக்குத் தெரியாது மச்சான். முறுக்குத் தின்றபடி அந்த எண்ணை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. தோட்டத்தை வளைத்து வீடமைப்புத் திட்டம் வந்தபோது, அந்த லயத்து வரிசை வீடுகளை இடித்ததை நாம் மூவரும் சாலையோரம் நின்று பார்த்தோம். நீ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாய். கதவு எண்ணை மட்டும் எடுத்து வந்து இங்கே மாட்டி வைத்திருக்கிறாய் என்று யார் கண்டது?

அப்புறம்தான் உன் மச்சான் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரைத் தானியங்கிக்கு மாற்றினேன். சரோஜா முறைத்தாள். பொறு என்று கைகாட்டிவிட்டு, புது ரவுட்டருக்குள் நுழைந்தேன். இந்த இயந்திரம் எப்போது வந்து நின்றாலும் இதற்கு நாற்பத்தைந்தாம் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், வேறு எவனுக்கும் கொடுக்கக்கூடாது என்று அதில் ஒதுக்கி வைத்தேன். இணைப்பை ஒருமுறை துண்டித்து மறுபடி கொடுத்தேன். 192.168.100.45.

"தெரு மாறிடுச்சி. வீட்டு நம்பர் அதேதான்," என்றேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த எண்ணைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தேத்தண்ணி போடட்டுமாண்ணே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி திரை நிறைய வந்தாள். நெத்திலி இல்லை, முழு வாவல் மீன்! தேவி ஒலிபெருக்கியைக் குழந்தையின் காதோரம் வைத்தாள். சரோஜா திரைக்கு அருகே குனிந்து, "மலர்விழி, மலர்விழி, மலர்விழி" என்றாள். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை, குரல் ஒருமுறைகூட உடையவில்லை. வயரில் வந்த குரலைச் சொல்கிறேன். சரோஜாவின் குரல் மூன்றாவது முறை கொஞ்சம் உடைந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

"அம்மா, அப்பா கம்ப்யூட்டர்லயா பேசுற? இடியில போச்சின்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள் தேவி.

"உங்க மாமா தொட்டாருடி," என்றாள் சரோஜா. யானை ஊர்வலமெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்?

அங்கே உன்னிடம் எது வருகிறது, கம்பியா காற்றா? இந்தக் கடிதம் எதில் வந்து சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரொலி வராவிட்டாலும் நான் கூப்பிடுவதை நிறுத்தப் போவதில்லை.

ஒரு வாக்குறுதி. இனி ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் நானே வந்து துளைகளை டேப் ஒட்டி மூடுவேன். அதன் பிறகு சரோஜா முன்னாலும் வைக்கட்டும், பின்னாலும் வைக்கட்டும். உனக்குப் பிடித்த இடத்தில் சந்தனம் இல்லாமல் போகாது. ரவுட்டர் எத்தனை மாறினாலும் நாற்பத்தைந்து இந்த வீட்டைவிட்டுப் போகாது.

உன் சரோஜாவுக்கு அண்ணன், மலர்விழிக்கு இன்னொரு தாத்தா, முறுக்குக்கு என்றும் உன் பங்காளி,
மச்சான் சுப்பையா
புந்தோங், ஈப்போ