நீ சொல்லாத மருந்து

அன்பு மகள் அல்ஃபியாவுக்கு வாப்பா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். முகம் பார்த்துச் சொல்லமுடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படம் பிடித்து அனுப்பினால் இப்போதே படித்துவிடுவாய், தபாலில் என்றால் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் வழக்கம்போல என்னோடு சிரித்துப் பேசுவாய் என்ற கோழைத்தனமும் இதில் இருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உம்மாவின் முழங்கால் வலி மழைக்காலத்தில் கூடித்தான் இருக்கிறது, தைலம் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். கடையில் ரொட்டி சானாய் போட்ட ஆள் சி ரூசாவில் பெரிய கடைக்குப் போய்விட்டான், இப்போது மாவை நானே வீசுகிறேன், முன்னைப்போல வட்டமாக வருவதில்லை, வாடிக்கைக்காரர்கள் கேலி செய்துகொண்டே சாப்பிடுகிறார்கள். தம்பின் ஊர்ச் சந்தையில் நல்ல கெம்போங் மீன் கிடைத்தது, உம்மா குழம்பு வைத்துவிட்டு உன்னை நினைத்து அரைச்சோறோடு எழுந்துவிட்டாள். இதெல்லாம் சும்மா எழுதுகிறேன் மகளே, சொல்ல வந்தது சன்னாசியைப் பற்றி.

உன்னோடு பள்ளிக்கூடம் வந்த மோகனாவின் அப்பா சன்னாசிதான். இன்னும் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார், காலையில் வேலைக்குப் போகுமுன் நம் கடையில் ஒரு தே ஓ கொசோங், இனிப்பு நீர் வியாதி வந்ததிலிருந்து பாலும் சீனியும் இல்லாத அந்தத் தேநீர்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தார். பெருவிரலுக்குப் பக்கத்தில் முள் குத்திய இடம் வெள்ளிக்காசு அளவுக்குப் புண்ணாகி ஓரம் கறுத்திருந்தது. வலிக்கவே இல்லை என்றார். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். “ஜபருல்லா நானா, உங்க மவதான் டாக்டருக்குப் படிக்குதே, இத ஒரு போட்டோ புடிச்சி அனுப்பி என்னா பண்றதுன்னு கேட்டுச் சொல்லுங்க லா” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெருமையோடு போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

அதை உனக்கு அனுப்பவில்லை. உனக்குப் பரீட்சை வாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் காரணம் அது இல்லை. அனுப்பினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். “வாப்பா, நான் டாக்டர் இல்ல, மூணு வருஷம் கம்ப்யூட்டர் டிகிரி, மார்க் இருந்தாத்தான் அடுத்து மெடிக்கல் காலேஜ், டிகிரி இருந்தா அந்தப் படிப்புல ஒரு வருஷம் மிச்சம், அவ்வளவுதான், இப்பவே டாக்டர் இல்ல” என்று நீ எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான்தான் கடையில் அதில் பாதியை மட்டும் சொன்னேன். கம்ப்யூட்டர் என்ற பாதியை ஏதோ குடும்பத்துக் குறையைப்போல மறைத்துவிட்டேன். மெடிக்கல் கல்லூரியைச் சுற்றிப் பார்த்த நாளில் இரவல் வெள்ளைக் கோட்டில் நீ எடுத்த படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். லீவில் வந்தபோது கழற்றச் சொன்னாய், கழற்றினேன், உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்றே திரும்ப மாட்டிவிட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு அவள் இன்னும் டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை அவர் வந்து, மகள் என்ன சொன்னது என்று கேட்டார். சீசாவில் வருகிற மஞ்சள் மருந்து போட்டு ஈரம் படாமல் கட்டச் சொன்னாள், ஒரு வாரத்தில் ஆறிவிடுமாம் என்றேன். நாக்கு தானாகவே சொன்னது. கிளினிக் போகவேண்டுமா, ஒருநாள் வேலை கெடுமே என்று கேட்டார். அவசியமில்லையாம் என்று சொன்னேன். இந்தக் கடைசி வார்த்தையை மட்டுமாவது சொல்லாமல் இருந்திருக்கலாம், அல்ஃபியா. அவர் சந்தோஷமாகப் போய்விட்டார், தேநீருக்குச் சில்லறை வாங்கிக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் அவர் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கவும், மோகனா வண்டி பிடித்து சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்று விரலையும் பாதத்தின் ஓரத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் நாலு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே காலே போயிருக்கும் என்று சொன்னார்களாம். இனி அவர் குலை வெட்டமுடியாது. அந்த வாரம்தான் நீ போனில் உன் படிப்பு வேலையைப் பற்றி ஆசையாகச் சொன்னாய், சர்க்கரைக்காரர்களின் கால் புண் படங்களை ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்குகிறோம், எந்தப் புண்ணை டாக்டர் உடனே பார்க்கவேண்டும் என்று அது எடுத்துச் சொல்லும் என்றாய். நான் லைன் சரியில்லை என்று போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஓரம் கறுத்த அந்தக் காலின் படம் அதே போனில்தான் கிடந்தது. எந்தப் படிப்பை நான் மறைத்தேனோ, அதைப் படிக்கிற பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஓடு ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். யார் இந்த மருந்தைப் போடச் சொன்னது என்று டாக்டர் கோபமாகக் கேட்டாராம். மோகனா வெளியே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, “நானேதான் போட்டேன்னு சொல்லிட்டேன் நானா, டாக்டராப் போற புள்ள, அது பேரு அடிபடக்கூடாது. அது சரியாத்தான் சொல்லியிருக்கும், நான்தான் ஒழுங்கா கட்டல” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். தொழுகையில் நின்றால்கூட அந்தக் காலில் சுற்றிய கட்டுதான் கண்ணுக்குள் வருகிறது. வெட்கம் என்று வாயால் சொல்லிப் பழகியிருக்கிறேன், அது சோற்றை இறங்கவிடாமல் செய்யும் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் உம்மாவிடம் சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை, அன்றிலிருந்து சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேராக சன்னாசி வீட்டுக்குப் போனேன். ஊன்றுகட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அல்ஃபியாவுக்குப் படமே போகவில்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நான் கட்டிச் சொன்னது என்று சொன்னேன். மோகனா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

நீ மார்ச்சில் முடிவு சொல்லவேண்டும் என்றாயே, மெடிக்கல் காலேஜ் இடத்தை எடுப்பதா, கம்ப்யூட்டரிலேயே மேலே படிப்பதா என்று. நீ அதைச் சொன்னபோது, டாக்டர் ஆகாவிட்டால் ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன் என்று கத்தினேன். அதை நீ காதில் போட்டுக்கொள்ளாதே. டாக்டரானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி, உன் மனசு எதில் நிற்கிறதோ அதைச் செய், யாராவது கேட்டால் நீ என்னவோ அதை அப்படியே சொல்வேன். என் கடைக் கல்லாவுக்காக நீ எதுவும் ஆகவேண்டாம்.

இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சன்னாசிக்கு ஒரு போன் போடு, மறக்காதே. எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை, அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அப்ப புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதா?” தெரியாது என்றேன். மூச்சு விட்டார். “நல்லதாப் போச்சு. அது தப்பா சொல்லிருச்சேன்னுதான் இத்தன நாளா எனக்குக் கவல. இப்படியே போனா நாளைக்கு எத்தன பேரப் பாக்குமோன்னு” என்றார். பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் தெளிந்த கல்வியும் உண்மை பேசும் நாக்கும் தருவானாக. தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் பேரில் பொய் சொன்ன வாப்பா,
ஜபருல்லா