‘ம்ம்’ என்று முனகிய இடம்

என் குறும்புக்கார அப்பாவுக்கு,

உன் விலாசம் தெரியாததால் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். தபால்காரர் கடலுக்குள் வரமாட்டார். கோபித்துக்கொள்ளாதே.

எனக்குப் பயமாக இருக்கிறதுப்பா. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் என் பாட்டை மட்டுமே கேட்க ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. நான் வாயைத் திறந்தாலே, “எவடி அவ, பூனைய மிதிச்சது?” என்று கேட்பாயே, அந்தப் பூனைக்குத்தான் இப்போது மேடை போட்டிருக்கிறார்கள்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. படகு கவிழ்ந்ததில் கூட வந்த இரண்டு பேரும் எப்படியோ நீந்திக் கரை சேர்ந்தார்கள். நீ சேரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. பதினாறாம் நாள் சித்தப்பா வந்து, காரியம் பண்ணிவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தார். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா அரிவாள்மனையோடு எழுந்து நின்றாள்.

“ஆளு வரல. அதுக்குள்ள என்னாடா காரியம்?”

அன்றைக்கு வாயை மூடிய சனங்கள்தான், அப்புறம் திறக்கவில்லை. நம் வீட்டில் ஒருத்தியும் ஒப்பாரி வைக்கவில்லை. அம்மா இன்றும் பூ வைக்கிறாள், பொட்டு வைக்கிறாள். தாலி கழுத்தில் இருக்கிறது.

நான் செம்மண்டலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முகூர்த்த நாள் வந்தால் திருவந்திபுரத்துக் கல்யாண மண்டபங்களில், ஆர்க்கெஸ்ட்ராவில் கோரஸ் பாடினேன். அங்கேதான் கிடார் வாசிக்கும் சதீஷ் பழக்கம். ஒருநாள் அவன் போனில், சோல் பாட்டு என்று ஒன்றைப் போட்டுக் காட்டினான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சர்ச்சில் பாடிப் பாடி வளர்த்த பாட்டு வகையாம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அதைப் பாடின அந்தம்மா இழுத்த இழுப்பில் உடம்பு சிலிர்த்துப்போனது. நம் குப்பத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இழுப்பார்களே, அதே இழுப்பு.

அந்த வாரமே ஒரு பாட்டுக் கட்டினேன். யாருக்குக் கட்டினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“வலையெல்லாம் காஞ்சிருச்சி, வாசலெல்லாம் மணலாச்சி,
ம்ம்... ம்ம்... எந்தக் கரை ஏறுனியோ?”

அந்த ‘ம்ம்’ இருக்கிற இடத்தில் வரவேண்டிய சொல் ‘அப்பா’. சொல்ல வாய் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு முனகிவிட்டேன். சதீஷ் அதை அப்படியே பதிவுபண்ணி நெட்டில் போட்டான். அந்த முனகல்தான் உயிர் என்று யார் யாரோ எழுதினார்கள். காதல் தோல்விப் பாட்டு என்று நினைத்துப் பையன்கள் ரிங்டோன் வைத்துக்கொண்டார்கள். என் பயத்துக்கு இத்தனை ரசிகர்கள்!

போன மாதம் ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் நண்பர்கள், “அக்கா, அந்த ம்ம் பாட்ட எடுத்து வுடுங்க” என்று கத்தினார்கள். கல்யாண மேடையில் ஒப்பாரி! அது ஒப்பாரி என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் ஓடிப்போய் நின்றேன்.

கடைசியில் அம்மா காதுக்கும் போய்விட்டது. மார்க்கெட்டில் அவளிடம் மீன் வாங்க வந்த பெண்ணின் போனில் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் கால்கூடக் கழுவவில்லை.

“பாடு.”

“என்னாத்தம்மா?”

“ஊரே பாடுதே, அத.”

பாடினேன். ‘ம்ம்’ வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இது ஒப்பாரிதானடி? மொற சொல்லாம எவளாவது ஒப்பாரி வெப்பாளா? யாருக்கு அழறன்னு சொல்லலன்னா அது வூடு வூடா பூந்து ஆளத் தேடும்டி.”

நம் வீட்டில் பூந்து தேடினால் என்னை விட்டால் அம்மாதான் இருக்கிறாள். மறுநாளே மார்க்கெட்டில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் சுளுக்குத்தான், ஆனால் பாட்டுதான் ஆளைத் தேடி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சிதம்பரமே வேண்டாம் என்று சதீஷுக்குப் போன் பண்ணினேன். “வெளையாடறியா? போஸ்டர் ஒட்டியாச்சு” என்று வைத்துவிட்டான்.

நேற்று அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“சனிக்கெழம நானும் வரேன்” என்றாள்.

“அந்தப் பாட்ட அங்க பாடமாட்டேம்மா. பயப்படாத.”

“அதக் கேக்கத்தான் வரேன். மொற சொல்லிப் பாடு. அப்பான்னு சொல்லு.”

தைல பாட்டிலை மூடி வைத்தேன்.

“வூட்டுல வேணாம். வூட்டுல பாடுனா அக்கம்பக்கத்துல இருக்கறவளுங்க தாலியக் கழட்ட வந்து நிப்பாளுங்க. அங்க நம்மள யாருக்குத் தெரியும்? ஓரமா ஒக்காந்து அழுதுக்குறேன். ஆனா ஒன் வாயால கேக்கணும். வேற எவ சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது சொல், நான் என்ன செய்ய? கடிதத்தில் எத்தனை அப்பா வேண்டுமானாலும் எழுதிவிடுகிறேன். பாட்டில் ஒரே ஒரு அப்பா போட்டால் நீ செத்துப்போவாய். இத்தனை நாள் அம்மா சாகவிடாமல் வைத்திருந்தவனை நான் மைக் வைத்துக் கொல்ல வேண்டும். அவள் தாலி என் வாயால் இறங்க வேண்டும். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் கை தட்டுவார்கள். கை தட்டினால் நான் எங்கே பார்ப்பேன்? சிரிக்க வேண்டுமா, கும்பிட வேண்டுமா?

பாடாமல் ஓடி வந்துவிடவும் முடியாது. அம்மா கேட்டும் நான் மாட்டேன் என்று சொன்னால், இன்னும் எத்தனை வருஷம் அவள் இப்படியே கடலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்?

அதனால் சத்தியம் பண்ணுகிறேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வருவதாக இருந்தால் அதற்குள் வந்துவிடு. எந்த ஊர்க் கரையில் கிடந்தாலும் நடந்தாவது வந்து சேர். பாட்டையே தூக்கிக் கடலில் போட்டுவிடுகிறேன், மேடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். வராவிட்டால், குரல் உடைந்தாலும் பரவாயில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டே உன்னைக் கூப்பிட்டுவிடுவேன்.

அதற்குப் பிறகு வராதே, அப்பா. அவள் தாங்கமாட்டாள்.

சனிக்கிழமை வரைக்கும் வாசலைப் பார்த்திருக்கும்
உன் ஒரே மகள்,
சுகந்தி