சிங்கப்பூருக்குப் போன ஓ.டி.பி.

ஜனவரி 19, திங்கள்

எங்கள் ஆபீஸ் டெஸ்டுகள் பொய் சொல்கின்றன.

காலையிலிருந்து மேகமூட்டம். இலுப்பூர் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. புதுக்கோட்டை வரை ஒற்றைக் கால்.

இன்றைய வேலை: அறுவடை மிஷின் முன்பதிவு வெப்சைட். ஒரு விவசாயிகள் சங்கத்துக்காக நாங்கள் செய்து கொடுத்தது, ஓடிக்கொண்டிருக்கிறது. உறுப்பினர் பதிந்து வைத்தால் முறைப்படி மிஷின் வயலுக்கு வரும். வந்ததும் அவர் போனுக்கு ஓ.டி.பி. போகும். அந்த நம்பரை ஓட்டுநரிடம் சொன்னால்தான் அறுப்பு. பத்து நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் முறை அடுத்தவருக்கு.

டெஸ்ட் என்பது வெப்சைட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நாங்களே எழுதும் புரோகிராம். அதை ஓட்டும்போது நிஜ எஸ்.எம்.எஸ். கம்பெனியைக் கூப்பிட மாட்டோம். அதன் இடத்தில் ஒரு போலி, மாக் என்போம். அதில் தப்பில்லை. அவர்கள் சர்வர் படுத்தால் எங்கள் டெஸ்டும் சேர்ந்து படுக்கக் கூடாது. ஆனால் அந்தப் போலி என்ன பேசுகிறது என்று இன்றுதான் ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதற்குத் தெரிந்தது ஒரே பதில்: போய்ச் சேர்ந்தது, இந்தா நம்பர். டெஸ்டின் அடுத்த வரியே அந்த நம்பரை எடுத்துப் போட்டுவிடுகிறது. உறுப்பினர் பெயர் 'டெஸ்ட் விவசாயி'. அவருக்கு எப்போதும் டவர் உண்டு, சார்ஜ் உண்டு, போன் கையிலேயே உண்டு. இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு விவசாயியை நான் பார்த்ததில்லை.

எழுதியவர் சரவணன் அண்ணன், எங்கள் டீம் லீடர். கேட்டேன்.

"எல்லாம் பச்சையாத்தானே இருக்கு தேவி. பெறகென்ன?" பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ஃபெயில்.

வாங்க வேண்டியது: குடை, ஊக்கு, அம்மாவுக்கு மாத்திரை.

சாயங்காலம் சித்தி போன். நாளைக்கு மிஷின் முறை அவளுக்காம். "மழைக்கு முன்னாடி அறுத்துப்புட்டா நிம்மதியாத் தூங்குவேன்டி." இந்த வருஷம் கதிர் நன்றாக இருக்கிறது. நான்கூடப் போய்ப் பார்த்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில் இல்லை. காற்று ஒரு பக்கமாக.

பதினோரு மணி வாக்கில் சித்தி. மூச்சு வாங்கியது.

"ஏ தேவி, மிஷின் வரப்புல வந்து நிக்குது. ஓட்டுறவரு என்னமோ நம்பர் கேக்குறாரு. ஒங்க சித்தப்பாவுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்குறாரு."

அப்போதுதான் உறைத்தது. நிலம் சித்தப்பா பெயரில். சங்கத்தில் பதிந்திருப்பதும் அவர் நம்பர். அந்த சிம் அவரோடு சிங்கப்பூரில் இருக்கிறது, பேங்க் மெசேஜ் வரவேண்டும் என்று எடுத்துப் போனது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் இதுதான் நிலைமை. சித்தப்பா கப்பல் பட்டறையில் ஷிப்டில். போன் லாக்கரில். சித்தியிடம் இருப்பது பட்டன் போன், வேறு நம்பர்.

ஓட்டுநர் குரல் கேட்டது. "நம்பர் போடலைன்னா ஓட்டுன நேரம் கணக்குல ஏறாதுக்கா. ஓனர் ஏசுவாரு. நான் என்ன, வேணும்னேவா பண்றேன்?"

திட்ட முடியவில்லை. அவரும் கூலிக்கு ஓட்டுகிறவர்.

சரவணன் அண்ணனிடம் ஓடினேன். கையால் முறையை நிறுத்தி வையுங்கள் என்றேன். அவர் சங்கத்து மேனேஜருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். "ஒருத்தருக்குப் பண்ணுனா எல்லாரும் கேப்பாங்க சார். சிஸ்டம்னா சிஸ்டம்தான்." அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த முறை செங்கல் சூளைக்காரர் வீட்டுக்கு. மனைவி பெயரில், மகன் பெயரில், தம்பி பெயரில் என்று பதிவு. எல்லாப் போனும் அவர் கணக்குப்பிள்ளையின் பையில். ஆள் பையோடு வரப்பிலேயே நின்றாராம். மெசேஜ் வந்தது, சொன்னார், மிஷின் அங்கிட்டுத் திரும்பிவிட்டது.

டெஸ்ட் விவசாயியைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் போலி அவரைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அண்ணனுக்கே அது தெரியாது.

ராத்திரி சித்தப்பா பேசினார். "மெசேஜ் வந்துருக்கும்மா. இப்பத்தான் பாக்குறேன்."

ஜனவரி 21, புதன்

விடியற்காலையே மழை. தை மாதத்தில் இப்படி. குடை வாங்கவில்லை.

சித்தி வயல் சாய்ந்துவிட்டது. முழுக்க இல்லை, கீழ்ப்பக்கம். தண்ணீர் நிற்கிறது. அந்த மிஷின் இனி சேற்றில் இறங்காது. டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற வண்டி வேண்டும், அது இந்த வாரம் கிடைக்காது.

ஆபீஸ். புது டெஸ்ட் எழுதினேன். உறுப்பினர் பெயர்: செல்வி, என் சித்தி பெயர். போலி சேவை சொல்லும்: போய்ச் சேர்ந்தது. அது உண்மையும்கூட, மெசேஜ் சிங்கப்பூர் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே. ஆனால் நம்பரை யாரும் போட மாட்டார்கள். நேரம் முடியும். முறை அடுத்தவருக்குப் போகக் கூடாது, சித்திக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கடைசி வரி.

ஓட்டினேன். சிவப்பு. இத்தனை பச்சைக்கு நடுவில் ஒன்று.

பக்கத்து சீட் பர்வீன் எட்டிப் பார்த்தாள். "ஏய், ஒங்க சித்தி இங்கயும் வந்து வரிசையில நிக்கிறாங்களா?"

"ஆமா. இங்கயும் திருப்பி அனுப்பிட்டாங்க."

சிரித்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, டவர் இல்லாமல் மெசேஜ் தாமதமாக வருகிற மாதிரி இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தாள். அதுவும் சிவப்பு. மனசுக்கு என்னவோ ஆறுதல்.

டீ ஆறிப்போனது. செருப்பு அறுந்தது.

ஜனவரி 23, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

சங்கத்துக்கு இன்று டெமோ. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் பச்சை. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். யாரோ சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஃபைலைத் திறந்தேன். எங்கள் இரண்டு டெஸ்டுக்கும் முன்னால் ஒரே சொல்: ஸ்கிப். தாண்டிப் போ. அழிக்கக்கூட இல்லை. இருக்கிறது, ஓடாது.

"சிவப்பை வச்சுக்கிட்டு டெமோ காட்டச் சொல்றியா?" என்றார் அண்ணன். "டெமோ முடியட்டும், பாத்துக்கலாம்."

டெமோவில் மேனேஜர் கைதட்டினார். அடுத்த போகத்துக்கு இன்னும் நாலு ஊரைச் சேர்க்கப் போகிறார்களாம். லட்டு கொடுத்தார்கள். பர்வீன் தன்னுடையதையும் என்னிடம் தள்ளினாள்.

சாயங்காலம் நேராகச் சித்தி வயலுக்குப் போனேன். சாய்ந்த பக்கத்தை ஆள் வைத்து அரிவாளால் அறுக்கிறாள். முழங்கால் வரை சேறு. கீழே கிடந்த கதிரில் முளை விட்டிருக்கிறது, வெள்ளையாக, சின்னதாக.

"ஒங்க ஆபீசுல செஞ்சதாமே அது?" என்று கேட்டாள். யார் சொன்னார்களோ.

"ஆமா சித்தி."

"நல்லாத்தான் வேலை செய்யுது. டக்குனு அவுகளுக்குப் போயிருச்சே."

நக்கலா, நிஜமாகச் சொன்னாளா, தெரியவில்லை. கதிரைக் கட்டிக் கொடுத்தேன். விரல் எல்லாம் அரிப்பு.

ஜனவரி 24, சனி

நல்ல வெயில். இன்று அடித்த வெயில் புதன்கிழமை அடித்திருக்கலாம்.

அரை நாள் ஆபீஸ். மேல்பக்கத்து நெல் தப்பிக்கும் என்று சித்தி காலையில் சொன்னாள். கீழ்ப்பக்கம் மாட்டுக்கு.

டெமோ முடிந்துவிட்டது. ஸ்கிப் அப்படியே இருக்கிறது. பர்வீன் லீவு. ஆபீசில் நானும் சரவணன் அண்ணனும்தான். அவர் டீ வாங்கி வந்தார், எனக்கும் சேர்த்து. நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம்.

கோபப்படாமல் பேசினேன். "டெஸ்டைத் திறந்து விடுங்கண்ணே. வயல்ல நிக்கிறவங்க நம்பரைப் பதியணும். இல்லைன்னா முறை காத்திருக்கணும். ரெண்டுல ஒண்ணு. எது செய்றோம்?"

"அது சங்கத்து ரூல்ஸும்மா. நாம எழுதுறவங்கதான்."

"அந்தப் பத்து நிமிஷத்தை எழுதுனது நாமதானே. அவங்க நேரமே சொல்லலை, பழைய மெயில் இருக்கு, பார்த்தேன். ஏன் பத்து?"

அண்ணன் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாலு ஊரு வருது அண்ணே. அங்கெல்லாம் சிம் யார்கிட்ட இருக்கும்? சொல்லுங்க."