அவள் கை காட்டும் வரை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டேன், தூங்கினேன், கை கால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன.

நேற்று குவாரியில் முதல் முறையாக என் பொறுப்பில் வெடி. பாறையின் மேல்தட்டில் வரிசையாகத் துளை போட்டு, மருந்து இறக்கி, களிமண்ணால் இறுக்கி, ஒவ்வொரு கம்பியையும் நானே சோதித்தேன். சங்கு ஊதியது. பொத்தானை அழுத்தினேன்.

அக்கா, சத்தம் முதலில் வரவில்லை. கருங்கல் சுவர் மூச்சு இழுப்பதுபோல் விம்மியது. அப்படியே முழங்கால் மடங்கி உட்கார்ந்தது. அப்புறம்தான் சத்தம் வந்து என் வயிற்றில் விழுந்தது. தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். உள்ளேயிருந்த புதுப் பாறை இப்போதுதான் கழுவியதுபோல் மினுங்கியது. உலகத்தில் யாருமே பார்க்காத முகம் அது. முதலில் பார்த்தது நான்.

உன் வாலு

ஜூன் 11

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை மாமா இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாம் தரம் படிக்க என்னால் முடியவில்லை.

போன வாரம் எங்கள் வார்டுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எங்கோ ஒரு குவாரி ஆள். மருந்து வெடிக்காமல் தங்கிவிட்ட துளையை அறியாமல் குடைந்திருக்கிறார், அது கையிலேயே வெடித்துவிட்டது. அந்தக் கைக்குக் கட்டுப் போட்டது நான்தான். நர்ஸ் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. உன் மினுங்குகிற பாறையை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேனடி.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஓர் இடம் காலி. உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். பதில் எழுதிக்கொண்டிருக்காதே. கிளம்பி வா.

அக்கா

ஜூன் 20

அக்கா,

கோபித்துக்கொள்ளாதே, பதில்தான் எழுதுகிறேன். உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். நேற்று எங்களுக்கும் ஒரு துளை வெடிக்கவில்லை.

எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, விதிப்படி காத்திருந்தோம். துளை போடும் மிஷின்காரர், நாங்கள் 'கம்பி' என்று கூப்பிடும் அண்ணன், "நான் போய்ப் பாக்குறேன் மேடம், உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றார்.

"உங்களுக்கு ஆயிருச்சுல்ல? அதான் நீங்க நில்லுங்க" என்றேன்.

தனியாகத்தான் நடந்தேன். அந்தத் துளையைத் தொடவில்லை. போதுமான தூரம் தள்ளி இன்னொன்று போட அடையாளம் வைத்தேன். அதை வெடிக்க வைத்ததில் இதுவும் சேர்ந்து வெடித்துப் போனது. கம்பி அண்ணன் உட்பட எல்லோரும் இரவு சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஆளின் கைக்குக் கட்டுப் போட்டவள் நீ. அப்படி ஒரு கை உன்னிடம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே என் வேலை. என்னால் வர முடியாது.

உன் தங்கச்சி

ஜூலை 9

என் தங்கத்துக்கு,

இத்தனை நாள் நான் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, உன்னைக் கையோடு இழுத்து வரக் கிளம்பினேன். ஆமாம், அங்கே வந்திருந்தேன்.

குவாரி வாசலில் சிவப்புக் கொடிக்காரர் மறித்தார். "வெடி இருக்கும்மா, நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"எங்க மேடம் கை காட்டுற வரைக்கும். அதுவரை ஒரு காக்கா தாண்ட முடியாது."

முதலில் என் செருப்புக்கடியில் தரை எழும்பியது. நிமிர்ந்தால் மலையே இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வீடுகள் உயரம் அது! நான் கும்பிட்டேனா, வாயைப் பொத்தினேனா, தெரியாது. தூசி கலைந்ததும் அந்தப் பெரிய சுவரை நோக்கி எறும்பு மாதிரி ஒரு உருவம், மஞ்சள் தொப்பியோடு, தனியாக நடந்தது. நடையைப் பார்த்தே நீ என்று தெரிந்துவிட்டது. நீ ஒவ்வொரு இடமாக நின்று, குனிந்து, பார்த்தாய். லாரிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. அத்தனை ஆண்களும் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் வரும்போதுகூட எங்கள் வார்டு இப்படி அடங்கியதில்லை.

நீ கையைத் தூக்கினாய். மொத்த இடமும் உயிர் வந்து நகர்ந்தது.

நான் உள்ளே வரவில்லை. கிட்ட வந்தால் என் வாய் பழையபடி 'வந்துவிடு' என்று சொல்லிவிடும். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அலுவலகத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது என்னோடு இருக்கும். ஆனால் இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். அடுத்த தரம் மாமாவையும் அழைத்து வருகிறேன். அந்தப் புதுப் பாறையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எங்கள் தலைக்கும் தொப்பி கிடைக்குமா என்று உன் மேலதிகாரியிடம் கேட்டு எழுது. மாமா தலை கொஞ்சம் பெரிது.

அக்கா