வலது கையின் அளவு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று சொல்கிறாய், அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், இதில் உன்னால் குறுக்கே பேச முடியாதே.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. "ஊர்ல பிள்ளைங்க வண்டிய நேரா ஓட்டிப் பிழைக்குது, என் மக மட்டும் பக்கவாட்டுல ஓட்டிப் பிழைக்கிறா" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அலுத்துக்கொள்வதுபோலப் பெருமையடிக்கிறார். காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் உன் போன டிரிஃப்ட் பந்தயத்தை உன் தங்கைதான் எனக்குப் போனில் போட்டுக் காட்டினாள். உன் கார் டயர்ப் புகையோடு வளைவில் வழுக்கிக்கொண்டே வந்து சுவரில் இடித்தது, அதோடு படம் நின்றுவிட்டது. பம்பர் மட்டுந்தாம்மா போச்சு என்றாய். சரி என்றேன். ஆனால் அன்றிலிருந்து வீடியோ காலில் உன் வலது கையை நான் பார்க்கவே இல்லை. டீ குடிப்பதும் இடது கை, முடியை ஒதுக்குவதும் இடது கை. ஒரு நாள் உன் போனை எடுத்த மெக்கானிக், நான் வாயைத் திறக்கும் முன்பே, "அவ நல்லாத்தான் இருக்கா அம்மா" என்றார். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

அதனால்தான், பயிற்சிக்குக் கையுறை தைக்கிறேன், இரண்டு கையையும் தாளில் வைத்து வரைந்து அனுப்பு என்றேன். அனுப்பினாய். கையுறைத் தொழிற்சாலையில் காலம் தள்ளியவளிடமா இந்த வேலை? சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்தது உன் இடது சுண்டுவிரல். வலது கை என்று நீ எழுதியிருக்கும் தாளிலும் சுண்டுவிரல் அதே இடத்தில் அதேபோல் வளைந்திருக்கிறதே, எப்படி? இடது கையையே மல்லாத்தி வைத்து வரைய வைத்திருக்கிறாய். தாளில் கிரீஸ் கறை வேறு, வரைந்து கொடுத்த புண்ணியவான் யார் என்பதும் தெரிந்துபோயிற்று.

மோதப் போகிறது என்று தெரிந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சுழலும் வேகத்தில் மணிக்கட்டை முறித்துவிடும் என்று எனக்குச் சொன்னதே நீதான். பிடித்ததை விடாத குணம் உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. வரப்போகும் இறுதிச் சுற்றில் ஓட்டாவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறாய். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கையோடு ஸ்டீயரிங்கைச் சுழற்றினால் இந்த ஒரு சுற்றல்ல, இனி வரும் அத்தனையும் போய்விடும். குழுவினரிடம் நீயே சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நான் சொல்லவைப்பேன், அவருக்குப் பொய் வராது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மருந்தைத் தவறவிடாதே. இல்லாத காயத்துக்கு என்ன மருந்து என்று மட்டும் கேட்காதே. நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், இரண்டு கையோடும். இடது கையுறையைத் தைத்து இதோடு வைத்திருக்கிறேன். வலது கைக்குத் துணியை இன்னும் வெட்டவில்லை. மாவுக்கட்டைப் பிரித்ததும் அந்தக் கையாலேயே எனக்குப் பதில் எழுது, அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வெட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நம்ப ஆசைப்படும்
அம்மா