போகும்போது கொழுந்து லொறி

2003 பெப்ரவரி 9, ஞாயிறு

பிள்ளைக்காம்பராவுக்கு இன்று லீவு. தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த ஒற்றை அறையில்தான் எனக்கு வேலை. துணி துவைத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் மூக்கன் அண்ணன் வந்தார். தோட்டத்து மேனேஜர் துரை கூப்பிடுகிறாராம்.

போனால் கையில் ஒரு வெள்ளை நர்ஸ் உடுப்பைத் தந்தார்கள். தலைக்குத் தொப்பி வேறு.

ஃபெக்டரிக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்த பழைய ஆம்புலன்ஸைத் துரை கண்டிக்கு அனுப்பி என்ஜின், பெயின்ட் எல்லாம் புதிதாக்கியிருக்கிறார். 1952 ஒஸ்டின். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வண்டி. அடுத்த மாதம் ஹட்டனில் பழைய வாகனக் கண்காட்சி, ஏப்ரலில் நுவரெலியா சீசனில் பெரிய கண்காட்சி. பக்கத்தில் நர்ஸ் மாதிரி நிற்க ஒரு பெண் வேண்டும்.

"நீ படிச்ச புள்ளதானே. சிரிச்சிகிட்டு நிக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டு இன்னும் பதில் வராதவள் நான். உடுப்பு மட்டும் வந்துவிட்டது.

கேட்டேன்: "கண்காட்சி இல்லாத நாளுல வண்டி டிஸ்பென்சரியில நிக்குமா, தொரை?"

"பாப்பம், பாப்பம்."

எங்கள் தோட்டத்தில் நோயாளியை ஏற்ற ஒரு வண்டியும் இல்லை. கொழுந்து லொறி, இல்லாவிட்டால் டிரெக்டர் பெட்டி. போன வருஷம் மீனம்மா அண்ணி முதல் பிள்ளையை அந்தப் பெட்டியில், சாக்கின்மேல், நோர்வூட் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெற்றாள். பிள்ளை அழவில்லை. இப்போது மறுபடி ஐந்து மாதம்.

அந்தப் 'பாப்ப'த்துக்காக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரிப்பேன் என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 20

அண்ணிக்குக் கால் வீக்கம். டிஸ்பென்சர் கனகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், பயந்த மனிதர். "பிள்ளை, இந்த முறை நோவு கண்ட உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட வேணும்" என்றார். எதிலே கொண்டுபோவது என்றேன். "அதை என்னட்டைக் கேட்டு நான் என்ன செய்யிறது?" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

மார்ச் 12

இன்று நடந்ததற்குச் சிரிப்பதா அழுவதா?

மூக்கன் அண்ணன் ஆம்புலன்ஸை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மணி வேலை செய்கிறதா என்று பார்க்க அடித்துவிட்டார். பித்தளை மணி. மலைக்கு மலை முட்டி எதிரொலித்தது.

கொஞ்ச நேரத்தில் ஏழாம் நம்பர் மலையே இறங்கி வந்தது. கூடையோடு வந்தவர்கள், கூடையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். தாய்மார் காம்பராவுக்குள் புகுந்து பிள்ளைகளை அள்ளுகிறார்கள். "யாரு? யாரு போனது?" வேலாயி அக்கா தலையை அவிழ்த்துப் போட்டு, யாரென்று தெரியாமலே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

யாரும் சாகவில்லை, மணியைச் சோதித்துப் பார்த்தது என்று நான் கத்தினேன்.

"பாதி அழுதுட்டேனேடி! இப்ப வந்து ஆளு இல்லங்குற?" என்று என்னைத்தான் ஏசினாள்.

அந்தக் காலத்து வழக்கம். ஆஸ்பத்திரியில் இறந்தவரை இந்த வண்டியில்தான் கொண்டுவருவார்கள். பாலத்தில் மணி அடித்தால் சாவு. வேலையை அப்படியே விட்டு இறங்க வேண்டும். வண்டி கொட்டகைக்குள் போய் எத்தனையோ வருஷமாகியும் காது மறக்கவில்லை.

துரை எல்லோருக்கும் அரைப்பேர் போட்டுவிட்டார். அரை நாள் சம்பளம் போச்சு. மணியை அடித்தது அவருடைய வண்டி!

பிறகு வேலாயி அக்காவிடம் கேட்டேன்: உயிரோடு யாரையும் இதில் ஏற்றவில்லையா?

"நம்மளயா? பங்களாக்காரங்களத்தான். நாம போகும்போது கொழுந்து லொறி. வரும்போது ஆம்புலன்ஸ். லொறியில பொணத்த வச்சா கொழுந்துக்கு ஆகாதுன்னு ஃபெக்டரியில ஏத்த விடமாட்டாங்க."

கொழுந்துக்கு ஆகாது. 

மார்ச் 30

ஹட்டன். நின்றேன். இரண்டாம் பரிசு. எனக்கு ஒரு ஐஸ்கிரீம்.

'பாப்பம்' இன்னும் 'பாப்ப'மாகத்தான் இருக்கிறது. வண்டி திரும்பவும் கொட்டகைக்குள், தார்ப்பாய்க்கு அடியில்.

ஏப்ரல் 19, சனி

நுவரெலியா. கொழும்புக் கூட்டம், குளிர்க் கண்ணாடி, ஸ்வெட்டர். பளபளவென்று கார்கள். அதில் ஒன்றை ஒரு அம்மா கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேயிருந்தாள், குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல. என்னோடு படம் எடுக்க வரிசை. ஒருவன் வண்டிக்குள் தூக்குப் படுக்கையில் ஏறிப் படுத்துச் செத்தவன்போல் நாக்கை நீட்டினான். நண்பர்கள் சிரித்தார்கள்.

பிறகு அறிவிப்பாளர் மைக்கோடு வந்தார். சிங்களத்தில் கேட்டார், இந்த வண்டி தோட்டத்து மக்கள் எத்தனை பேரின் உயிரைக் காப்பாற்றியிருக்கும் தங்கச்சி என்று.

நானும் சிங்களத்தில் சொன்னேன். எல்லோருக்கும் விளங்கட்டும். "ஒருவரையும் இல்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது தேயிலை லொறியில். செத்த பிறகுதான் எங்களை இதில் ஏற்றினார்கள். இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெறப் போகிறவள் டிரெக்டரில்தான் போகிறாள். இது தார்ப்பாய்க்குள் தூங்குகிறது."

மைக்காரர் மைக்கைப் பார்த்தார். எங்கோ ஒருவர் கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள், நான் ஏதோ பாட்டுப் பாடி முடித்ததைப்போல. அதுதான் தாங்க முடியவில்லை.

முதல் பரிசு எங்கள் வண்டிக்குத்தான். பெயின்டுக்கும் மணிக்கும்.

திரும்பும்போது மூக்கன் அண்ணன் வழியில் வண்டியை நிறுத்தினார். பிறகு, "திங்கக்கிழமையிலருந்து காம்பரா பக்கம் வரவேணாமாம் நிஷாந்தி. தொரை சொல்லச் சொன்னாரு" என்றார்.

சரி. சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் திரும்ப எடுக்கமாட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வீட்டில் கிடக்கமாட்டேன் என்று பெரட்டுக்களத்துக்குப் போனேன். ஆள் பிரித்து மலைக்கு அனுப்பும் நேரம். பார்த்தால், தாய்மார் எல்லோர் இடுப்பிலும் பிள்ளை.

கங்காணி கத்தினார்: "புள்ளைய காம்பராவுல விட்டுட்டு வாங்க!"

"காம்பராவுல யாரு இருக்கா? உங்க மாமியாளா?" என்றாள் வேலாயி அக்கா. அவளுக்குக் காம்பராவில் விடப் பிள்ளையே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை இரவல் வாங்கித் தூக்கிவந்திருந்தாள்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்: நிஷாந்தி காம்பராவுக்கு வரணும். வண்டி டிஸ்பென்சரிக்கு வரணும். அப்புறம் மலை.

மத்தியானம் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வேனில் வந்து முதலில் வேலைக்குப் போங்கள், நான் பேசுகிறேன் என்றார். "நீங்க பேசி முடிங்க, நாங்க இங்கயே இருக்கோம்" என்று அவருக்கும் உட்கார இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.

ஏப்ரல் 23

மழைக்குப் பிறகு வெயில். மலை முழுக்கக் கொழுந்து, பறிக்க ஆளில்லை. நாளைக்கும் விட்டால் முற்றிப்போகும். அது துரைக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 24

வண்டி டிஸ்பென்சரி வாசலில் நிற்கிறது. சாவி கனகலிங்கம் ஐயாவிடம்.

துரை என்னிடம், "மன்னிப்புக் கேட்டுட்டு வேலைக்குப் போ" என்றார். எதற்கு என்று கேட்டேன்.  பிறகு வேலைக்குப் போனேன்.

யூன் 3

இதை எப்படி எழுதுவது. 

விடியும்போது அண்ணிக்கு நோவு. மூக்கன் அண்ணன் வண்டியை எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலுக்கே கொண்டுவந்தார். அண்ணி படியில் உட்கார்ந்துகொண்டு ஏறமாட்டேன் என்கிறாள்.

"அது பொண வண்டி. ஏறுனா திரும்பி வரமாட்டேன். டிரெக்டரக் கொண்டாரச் சொல்லு."

மூணு நாள் பட்டினி கெடந்து வாங்குன வண்டிடி இது! டிரெக்டர்ல என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டியா? எல்லாம் கத்திவிட்டேன். துரையிடம்கூட இப்படிக் கத்தவில்லை. தரையில் மூன்று நாள் உட்கார்ந்த வேலாயி அக்காவும் அண்ணி பக்கம்தான்! நான் பின்னால் ஏறித் தூக்குப் படுக்கையில் மல்லாந்து படுத்தேன். "பாருங்க, செத்தா போயிட்டேன்?"

"வாயக் கழுவுடி!" என்று வேலாயி அக்கா அதட்டினாள்.

அண்ணி வலியோடு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "மூக்கண்ணே, பொணத்த எங்க வைப்பாங்க?"

"பின்னாலதான்."

"முன்சீட்டுல?"

"முன்சீட்டுலயா? அதுல நாந்தான இருந்து ஓட்டுறேன். உசுரோடதான இருக்கேன்?"

"அது பாத்தாத் தெரியல" என்றாள் வேலாயி அக்கா.

அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அலறினாள். அலறியபடியே எழுந்து போய் முன்சீட்டில் ஏறிக் கதவைத் தானே சாத்தினாள்.

நான் பின்னால், அவள் தோளைக் கம்பி ஜன்னல் வழியாகப் பிடித்தபடி. ஒவ்வொரு வளைவிலும் என் விரலை முறிக்கப் பார்த்தாள். முறிக்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பெற்றாள். பெண் பிள்ளை. என்ன சத்தம் போடுகிறது!

யூன் 6

இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்சீட்டில்தான்.

ஓகஸ்ட் 17

முன்சீட்டுக்கு இப்போது சண்டை. காய்ச்சல், கால் முறிவு, யாராக இருந்தாலும் பின்னால் போகமாட்டார்களாம். கால் முறிந்தவரை எப்படி ஐயா முன்னால் உட்காரவைப்பது? இந்த மக்களுக்காகவா நான் பேசினேன் என்று சில நாள் தோன்றுகிறது. ஆமாம், இவர்களுக்காகத்தான்.

2004 ஏப்ரல் 17, சனி

நுவரெலியாவில் இன்று கண்காட்சி. போன வாரம் துரை டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்துத் தகடு லயத்து வாசற்படியில் மோதி உள்ளே போயிருக்கிறது. சக்கரச் சில்லெல்லாம் சேறு. மணியை யாரோ கழற்றிவிட்டார்கள். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்தார், மூக்கைப் பிடித்தார், மூடினார். இந்த முறை கண்காட்சிக்கு இது வேண்டாம் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

காலையில் பொன்னையா மாமாவுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. நிற்க முடியவில்லை. பின்னால் படுக்கச் சொன்னோம். முன்சீட்டைக் கேட்காமல் தானே ஏறிப் படுத்தார். இரவுக்கு முன்பே சேலைன் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இறங்கும்போதே டீ கேட்டார்.

பின்பக்கம் முழுக்க நாற்றம். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், டெட்டோல் போட்டேன், கதவைத் திறந்து காயவிட்டிருக்கிறேன்.