தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிடுங்கள்

என்னங்க,

எனக்குக் காலை ஷிப்ட், கிளம்புகிறேன். உங்களை எழுப்ப மனமில்லை. நேற்று கத்திக்கொண்டதே போதும். பாப்பா தூங்குகிறாள். உங்கள் அக்கா வந்து பார்த்துக்கொள்வார்.

"அப்போ என் கை பட்டாலே விஷமா?"ன்னு கேட்டீங்களே, அது நான் சொன்னதில்லை, டாக்டர் சொன்னது. சாயங்காலம் ஆனால் அவளுக்கு மூச்சு இரைப்பது நம் வீட்டுப் பூனையால்தான் என்று நினைத்து அதைக் கொண்டுபோய் விட்டோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு ஆகாதது வேர்க்கடலை. நீங்கள் மில்லில் நாளெல்லாம் அதை அரைத்து, அந்தத் தூளோடு வந்து அவளைத் தூக்கிக் கொஞ்சினீர்கள். நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இன்றிலிருந்து பின்வாசல் வழியாக நேரே குளியலறைக்குப் போங்கள். சட்டையை மூடி போட்ட வாளியில் போடுங்கள். தலைக்குக் குளித்த பிறகுதான் அவளைத் தொட வேண்டும்.

உதடு வீங்கி மூச்சு இரைத்தால் உடனே டாக்டர் கொடுத்த அலர்ஜி ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்ஹேலரை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஊசி பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. அக்காவிடமும் காட்டிவிட்டுப் போங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் போகாதீர்கள்.

இன்னொன்று. வரும்போது தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள். சத்தம் கேட்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். நீங்கள் குளித்து வருவதற்குள், அப்பாவைக் காணோம் என்று ஜன்னலில் நின்று அழுவாள்.

அழட்டும். அழ மூச்சிருந்தால் போதும்.